அம்மாவுக்கு ஞாபகம் சரியில்லை

சம்பந்தி என்று கூப்பிடவும் முடியாமல், வேற்று ஆட்கள் என்று விடவும் முடியாமல் இருந்த இரண்டு பேரை ஹட்டனில் எங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது என்பதுதான் அந்த வாரம் முழுவதும் என் கவலை. மகனுக்குக் கொழும்பில் வேலை. கூட வேலை செய்யும் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று அவன் சொல்லி வருடம் ஒன்றாகிவிட்டது. பெண் வீட்டார் யாழ்ப்பாணத்துக்காரர்கள், வெள்ளவத்தையில் இருக்கிறார்கள். அப்பா ஓய்வு பெற்ற பொறியியலாளர், அம்மா வீட்டோடு. அவர்கள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒருமுறை வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

எதைப் பார்க்க வருகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? பையனை அவர்கள் கொழும்பிலேயே பார்த்துவிட்டார்கள். பார்க்க வேண்டியிருந்தது எங்களை. மலைநாட்டுக் குடும்பம் என்றால் என்ன குடும்பம், என்ன வீடு, பேசினால் எப்படிப் பேசுவார்கள். நான் பாடசாலை ஆசிரியை, கணவர் அரசாங்க உத்தியோகம், டவுனில் சொந்த வீடு, தரைக்கு டைல்ஸ். இவற்றையெல்லாம் தொலைபேசியில் அந்த அம்மாவிடம் ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தேன். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயம் என்ற சொல் மட்டும் என் வாயிலிருந்து ஒரு நாளும் வந்ததில்லை. பொய் சொல்லவில்லை. “நாங்க ஹட்டன்” என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்குப் பிறகு யாரும் பொதுவாகத் தோண்டிக் கேட்பதில்லை.

இடத்தை அவர்களே சொன்னார்கள். பெண்ணின் அம்மா போனில் ஏதோ வீடியோ பார்த்தாராம். நீர்த்தேக்கத்துக்கு நடுவே ஒரு தீவு, அதில் இடிந்துபோன ஒரு கோட்டை. அது உங்கள் பக்கம்தானே, பார்க்கலாமா என்று கேட்டார். எனக்குப் பெரிய நிம்மதி. வீட்டில் உட்கார்ந்தால் பேச்சு எங்கேயாவது போகும். இடிந்த கட்டடத்தைப் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

உண்மையில் அது கோட்டை இல்லை. வெள்ளைக்காரத் துரை ஒருவர் தன் ஊர் ஞாபகத்தில் கருங்கல்லால் கட்டிக்கொண்ட பங்களா. ஒரு மூலையில் வட்டமான கோபுரம், அதன் உச்சியில் பல் பல்லாகக் கற்கள். அதனால் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு அது கோட்டை பங்களா. பள்ளத்தை அணை கட்டி நிரப்பியபோது அது இருந்த மேடு மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் துரைமார் சில காலம் படகில் போய் வந்து அங்கேயே இருந்தார்கள். தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போனதும் பங்களாவை விட்டுவிட்டார்கள். கூரையைக் காற்றும் கதவு ஜன்னலை ஆட்களும் கொண்டுபோனது போக, மிச்சம் இருப்பது சுவர்தான்.

அந்த நீர்த்தேக்கத்துக்கு மேலே உள்ள தோட்டத்தில்தான் நான் பிறந்தேன். அம்மா அங்கே பென்ஷன் வரும் வரைக்கும் கொழுந்து பறித்தவள். அப்பா போன பிறகு என்னோடு டவுனுக்கு வந்துவிட்டாள். கோட்டை பங்களாவுக்குப் போகிறோம் என்று காதில் விழுந்ததும், தானும் வருவதாகச் சொன்னாள். முழங்கால் தாங்காது, படகு ஆடும், அட்டை கடிக்கும் என்று எனக்குத் தெரிந்த பயமெல்லாம் காட்டினேன். அம்மா அசையவில்லை. சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்தப் பங்களாவுக்கு விறகு சுமந்தவளாம். படகில் ஏற்றி இறக்கி, பின்பக்கம் சமையல் நடக்கும் குசினியின் வாசலில் கொண்டுபோய் அடுக்க வேண்டும். அதற்கு மேல் ஓர் அடி வைக்கக் கூடாது.

“அந்த வாசலத் தாண்டுனதே இல்ல புள்ள. உள்ளுக்கு எப்படி இருக்குமுன்னு ஒரு தடவ பாத்துட்டு வந்துர்றேன்” என்றாள்.

சரி என்றேன். ஆனால் விறகுக் கதை, கொழுந்துக் கதை எதையும் அவர்கள் முன்னால் எடுக்க வேண்டாம் என்று சொன்னேன். இவ்வளவு வெட்டென்று சொல்லவில்லை, சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். அம்மா என்னைவிடக் கெட்டிக்காரி. சுற்றி வளைப்பதற்கு முன்பே விளங்கிக்கொண்டு, வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். போகும் நாள் காலையில் நான் எடுத்து வைத்த பட்டுச் சேலையை, இதைக் கட்டிக்கொண்டு படகில் ஏறுவதா என்று ஒரு சொல் கேட்காமல் கட்டிக்கொண்டாள்.

அவர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். நான் எதிர்பார்த்த மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு இருக்கவில்லை. இரண்டு பேரும் நல்ல மனிதர்கள். பெண்ணின் அம்மா என் அம்மாவின் கையைப் பிடித்து, குளிர் எப்படித் தாங்குகிறீர்கள் என்று கேட்டார். பழகிருச்சுங்க என்று அம்மா சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள், இதைச் சொல்லலாம்தானே என்கிற மாதிரி. கணவருக்கு அன்று அலுவலகத்தில் கூட்டம். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு.

கரையில் மீன் பிடிக்கும் சிங்களவர் ஒருவர் எங்களைப் படகில் ஏற்றினார். செம்மஞ்சள் நிற உயிர்காப்பு அங்கியைப் பட்டுச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம், அம்மாவும் சிரித்தாள். வானம் கறுத்து வருகிறது, பார்த்துவிட்டுச் சீக்கிரம் இறங்குங்கள் என்று படகுக்காரர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

தீவில் இறங்கி மேட்டில் ஏறினால் நேரே பங்களாவின் முன்படிகள். அகலமான கல் படிகள், இரண்டு பக்கமும் ஹைட்ரேஞ்சியா காடாக வளர்ந்து கிடக்கிறது. பொறியியலாளர் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து, சுண்ணாம்புச் சாந்து, என்ன வேலைப்பாடு என்று வியந்துகொண்டே உள்ளே போனார். அவர் மனைவி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். நானும் போனேன். தூறல் விழத் தொடங்கியது. மண்டபத்தில் நின்று, நெருப்புக் கூட்டுகிற இடத்தில், கோபுரத்துக்குக் கீழே என்று படம் எடுத்துக்கொண்டிருந்தோம். எனக்கு வாய் நிறையச் சிரிப்பு. இந்தப் பக்கத்துச் சரித்திரத்தை என் சொந்தச் சொத்து மாதிரி எடுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அம்மா கூட இல்லை என்று தெரிந்தது.

பெண்ணின் அம்மாதான் முதலில் கண்டார். பின்பக்கச் சுவரில் கதவு இருந்த ஓட்டை வழியாக வெளியே பார்த்து நின்றுவிட்டார். நான் போய் எட்டிப் பார்த்தேன்.

மழை நன்றாகவே பெய்துகொண்டிருந்தது. குசினி வாசலுக்கு வெளியே, இரண்டு படிகளுக்குக் கீழே, சேற்றில் அம்மா நின்றாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். கையில் குடை இருந்தது, அது மடக்கியிருந்தது. பட்டுச் சேலை நனைந்து உடம்போடு ஒட்டிக் கிடந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் விளங்கும். துரையின் பங்களாவைக் கடக்கும்போது குடையை மடக்க வேண்டும், தலையில் போட்ட கம்பளியை எடுக்க வேண்டும், செருப்பிருந்தால் கழற்ற வேண்டும். முன்பக்கமாக நடக்கக் கூடாது. எவ்வளவு மழை பெய்தாலும் அப்படித்தான். நான் பிறப்பதற்கு முன்பே ஒழிந்துபோன வழக்கம் அது. ஆனாலும் சின்ன வயதில் எங்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். இப்போது பங்களாவில் கூரை இல்லை, கதவு இல்லை, துரை இல்லை. உள்ளே பார்க்க வேண்டும் என்று ஆசையாக வந்தவளின் கால்கள் முன்படியை விட்டு விலகி, தானாகப் பின்னால் சுற்றிப் போய் நின்றுவிட்டன.

“ஏன் அம்மா மழைக்குள்ள நிக்கிறா? குடையை ஏன் மடக்கி வச்சிருக்கிறா?” என்று கேட்டார் பெண்ணின் அம்மா. பிறகு அவரே, “உள்ளுக்கு வாங்கோ அம்மா” என்று கூப்பிட்டார்.

“இல்லைங்க, நா இங்கனயே நிக்கிறேங்க” என்றாள் அம்மா. அந்தக் குரல் எனக்குத் தெரியும். பெரிய ஆட்களிடம் பேசும் குரல். அதைக் கேட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது.

பொறியியலாளரும் வந்து என் பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சொல்லியிருக்கலாம். எங்கள் ஆட்களுக்கு இந்த வீட்டில் பின்வாசல்தான், அம்மா இங்கே விறகு சுமந்தவள் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது என் கண்ணுக்குத் தெரிந்தது மகனின் கலியாணம் அந்தச் சேற்றில் நிற்பதுதான். அம்மாவின் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்ததை ஒரு குடையை மடக்கிக் கெடுத்துவிட்டாளே என்று.

“அம்மாவுக்குக் கொஞ்ச நாளா ஞாபகம் சரியில்ல” என்றேன். “எங்க நிக்கிறோம், என்ன செய்றோம்னு சில நேரம் தெரியாது.”

மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. அம்மா படிக்குக் கீழே கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றாள்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகத்திலிருந்து மழைத் தண்ணீரைப் புறங்கையால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். கோபிப்பாள், அழுவாள், எனக்கென்ன பைத்தியமா என்று கேட்பாள் என்று ஒரு கணம் பயந்தேன். பெண்ணின் அம்மா அதற்குள் ஐயோ பாவம் என்று தன் குடையோடு இறங்கிப் போய் அம்மாவின் தோளை அணைத்து, ஒவ்வொரு படியாகக் கையைப் பிடித்து ஏற்றினார். அம்மா மறுக்கவில்லை. நிலையைத் தாண்டிக் குசினிக்குள் கால் வைத்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு பெண்ணின் அம்மாவிடம் கேட்டாள்.

“இது யாரு வீடுங்க?”

அந்த வீட்டுக்கு விறகு சுமந்தவள், அதன் உள்ளே பார்க்க ஆசைப்பட்டு வந்தவள் கேட்டாள். நான் சொன்ன பொய்யைக் கீழே விழாமல் அம்மா கையில் வாங்கிக்கொண்டாள்.

அதன் பிறகு அந்த வீடு முழுவதையும் பெண்ணின் அம்மா அவளுக்குக் கைபிடித்துச் சுற்றிக் காட்டினார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப் போல, இது மண்டபம், இது படுக்கையறை, இங்கே பாருங்கோ எவ்வளவு பெரிய ஜன்னல் என்று சொல்லிக்கொண்டே போனார். அம்மா தலையாட்டினாள். எதையும் விட்டுவிடாமல் பார்த்தாள். ஓரிடத்தில் நின்று சுவரில் பதிந்திருந்த பூப்போட்ட பீங்கான் ஓடு ஒன்றை விரலால் தடவினாள். அதை அவள் ஆசையோடு பார்க்கிறாள் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. அவர்களுக்கு அது நோயாளி செய்யும் காரியம்.

பொறியியலாளர் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, மிகவும் மரியாதையாக, “பரம்பரையில ஆருக்கும் இப்பிடி இருந்ததோ?” என்று கேட்டார். இது எனக்கு வேண்டும்தான். அம்மாவை மறைக்கப் போய் குடும்பத்துக்கே வியாதி கட்டிவிட்டேன். இல்லை இல்லை, குளியலறையில் வழுக்கி விழுந்ததில் தலையில் அடிபட்டது, அதிலிருந்துதான் என்று இன்னொன்றைக் கட்டிச் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. நல்ல வைத்தியர் ஒருவர் கொழும்பில் இருக்கிறார், காட்டலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். கணவர் வந்திருந்தார். அவரிடம் சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அம்மா ஈரச் சேலையை மாற்றிக்கொண்டு வந்து, அவருக்கு எதிரே உட்கார்ந்து, அவரை உற்றுப் பார்த்து, “தம்பி யாரு?” என்று கேட்டாள். கணவர் கேலி என்று நினைத்துச் சத்தமாகச் சிரித்தார். மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். பெண்ணின் அம்மாவுக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நான் அம்மாவுக்குச் சோற்றைப் பிசைந்து கொடுத்தேன். வேறு என்ன செய்வது? அம்மா வாங்கிச் சாப்பிட்டாள். மீனில் முள் எடுத்துப் போட்டேன். அதையும் சாப்பிட்டாள். காலையில் அந்த மீனைக் கழுவி, வெட்டி, குழம்பு வைத்ததே அவள்தான்.

வேன் கிளம்பியதும் சமையலறைக்குப் போனேன். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மன்னித்துவிடு என்று சொல்ல வந்தேன், அது வரவில்லை. ஏன் அங்கே போய் நின்றாய் என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்குக் கேட்கத்தான் தெரிந்தது.

“தெரியல புள்ள” என்றாள் அம்மா. “படியப் பாத்ததும் காலு வரல. எனக்கே வெக்கமாத்தான் இருந்திச்சு.”

அவர்களுக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லியிருப்பேனா என்பது வேறு. அம்மா தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, பையனுடைய காரியம், பேசாமல் இரு என்றாள். அவள் பேசாமல் இருக்கச் சொன்னதில் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சில நாட்களில் பெண்ணின் அம்மா போனில் அழைத்தார். அவர்களுக்குச் சம்மதம். முதலில் கொஞ்சம் தயங்கியது உண்மைதான் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். பிறகு, நீங்கள் உங்கள் அம்மாவை எவ்வளவு பொறுமையாகப் பார்த்துக்கொள்கிறீர்கள், சோறு பிசைந்து ஊட்டுகிறீர்கள், ஒரு முகச்சுளிப்பு இல்லை, அதைப் பார்த்துத்தான் எங்கள் மகள் இந்த வீட்டுக்குப் போகலாம் என்று முடிவு செய்தோம் என்றார். நான் நன்றி என்றேன். போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். அம்மா முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நல்ல செய்தியைச் சொன்னதும் ஈரக்கையோடு வந்து என் கன்னத்தைத் தொட்டுச் சந்தோஷப்பட்டாள். அவர்கள் சொன்ன காரணத்தை நான் சொல்லவில்லை.

போன மாதம் பெண் மகனோடு முதல் தடவையாக வீட்டுக்கு வந்தாள். என் மகனுக்கு நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவன் என்னோடு சரியாகப் பேசி நாளாகிறது. பெண்ணிடம் சொல்லும் தைரியம் அவனுக்கும் இல்லை, யாரைக் குறை சொல்வது. பெண் தங்கமான பிள்ளை. வந்ததும் நேரே அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நான்தான் அம்மம்மா உங்கள் பேரனைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அம்மா அவளுடைய கூந்தலைத் தடவினாள். அந்தப் பெண் அவளுக்குத் தலை வாரிவிட, வாரிவிட, அம்மா பேசாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை அவளுடைய பெயரைத் தப்பாகச் சொன்னாள். அந்தப் பெண் திருத்தாமல் சிரித்தாள்.

அவர்கள் போன மறுநாள் காலை, நான் பாடசாலைக்குக் கிளம்பும்போது, அம்மா என் கைப்பையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

“அந்தப் புள்ள கலியாணத்துக்குப் பொறகு தனியா எங்கயாச்சும் ஏங்கூட இருந்திச்சுன்னா, அதுகிட்ட மட்டும் நா ஒழுங்கா பேசிக்கலாமா?”

என்னிடம் அனுமதி கேட்டாள். பேசும்மா, இன்றைக்கே பேசு என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். நான் யோசித்தேன். அந்தப் பெண் தன் அம்மாவிடம் சொன்னால் என்ன ஆகும் என்று, உண்மையாகவே, நின்று யோசித்தேன். அதிகம் இல்லை, ஒரு மூச்சு நேரம்தான். அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

“வேணாம் விடு” என்றாள். “இருக்கிற மாதிரியே இருந்துட்டுப் போறேன். ஒனக்கு பஸ்சுக்கு நேரமாச்சு.”